ஆறாவது ஆள்

மாசி வெயில். மைதானத்தின் எட்டாம் நம்பர் கேட்.
என் கையில் எண்ணும் கருவி ஒன்று,
கட்டைவிரலால் அழுத்தினால் டிக்.
ஒரு டிக் ஓர் ஆள். நாள் கூலி எழுநூறு,
மதியத்துக்குப் புளிசாதப் பொட்டலம்.

ஊசி போட்ட சீட்டைக் காட்டு. டிக்.
கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்று. டிக்.
உள்ளே வேர்த்துக் கலைந்து
கன்னத்துக் கொடிகள் எல்லாம் ஒரே சேறு.

குப்புராஜ் வந்தார், முப்பது வருஷமாய்
கேலரியில் தமுக்கு அடிப்பவர்.
தமுக்கை வெளியே வைக்கச் சொன்னதில் கோபம்.
"ரெண்டு வருஷம் காலி நாற்காலிக்குப் போட்ட
ரெக்கார்டு கைதட்டலைக் கேட்டேன்மா.
ஓட்டுக் கேக்கிற கூட்டத்துக்கு வராத கிருமி
எங்க கேலரிக்கு மட்டும்
விலாசம் விசாரிச்சு வருமா?"

நியாயம்தான் என்றேன். டிக்.

நியாயம்தான்.
என் கணக்கு அதற்கும் முந்தியது.

போன வைகாசி. அம்மா செத்தது கொரோனாவில் இல்லை,
கிட்னி. வாரம் இரண்டு தடவை விக்டோரியாவுக்கு
நான்தான் கூட்டிப்போவேன்.
பஸ் நின்றபின் ஆட்டோ,
ஆட்டோவும் நின்றபின் எதிர்வீட்டு ஸ்கூட்டர்:
ஓட்டுகிற பையனுக்கும் எனக்கும் நடுவில் அம்மா,
சரியாமல் இருக்க
என் துப்பட்டாவால் என்னோடு சேர்த்துக் கட்டி.

ஸ்ரீராமபுரம் பக்கத்தில்
உண்மைக்குப் பேர்போன ராஜாவின் பெயரில் ஒரு மயானம்.
கேட்டில் போலீஸ்காரர்,
பச்சை டேப் சுற்றிய தடியின் நுனியால்
காற்றிலேயே தோள் தோளாகத் தொட்டு எண்ணினார்.
ஐந்து பேர். ஆர்டர்.

தூக்க நாலு, கொள்ளிச்சட்டிக்கு ஏழுமலை அண்ணன்.
ஐந்தை நிரப்ப ஆண்கள் இருந்தார்கள்.
அம்மாவோடு பதினோரு வருஷம் பேசாத சித்தப்பா,
அவரும் ஒரு தோள்.

"ஆறு ஆகல்லம்மா" என்றார் போலீஸ்காரர், தரையைப் பார்த்து.
"பொம்பளைக்கு இங்கே என்ன வேலை" என்றார் சித்தப்பா, என்னைப் பார்த்து.
முதலாமவரை மன்னித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

வெளியே பூட்டிக் கிடந்த இளநீர் வண்டிமேல் சாய்ந்து
புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அன்றைக்கு ஏழெட்டுப் புகை.
எது அம்மா?

மூன்று மணிக்கு எங்கள் கேட்டின் அளவு முடிந்தது,
இரண்டாயிரத்து நானூறு.
கதவைச் சாத்தப் போகையில் ஒருவர் வந்தார்,
காக்கி, கையைப் பிடித்தபடி பத்து வயசுப் பையன்.
தடியைப் பார்த்துத்தான் தெரிந்தது.
பச்சை டேப், ஓரம் கொஞ்சம் பிரிந்து.
அவருக்கு என்னைத் தெரியவில்லை. கவசம்.
அல்லது, அப்படி எத்தனை ஆறாவது ஆளைப் பார்த்திருப்பார்.

"டிக்கெட் கிடைக்கல்லம்மா.
ஒருத்தன்தானே, சின்னப் பையன்."

ஆகல்ல என்பது நாக்குவரை வந்தது.
பெற்ற மகன் பிணத்துக்கே கால்பணம் கேட்டானாம் அந்த ராஜா.
எனக்கு அது வரவில்லை.
பையன் கவசத்துக்குள்ளே ஏதோ ஒரு பெயரைக்
கத்திப் பழகிக்கொண்டிருந்தான்.

ஓரடி திறந்தேன். நுழைந்து ஓடினான்.
உள்ளே யாரோ அவுட், இல்லை சிக்ஸர்,
சத்தத்தை வைத்துச் சொல்லமுடியாது.

கட்டைவிரல் பொத்தான்மேலேயே இருந்தது.
அழுத்தவில்லை.

சாயங்காலம் கருவியை வாங்கி
சூப்பர்வைசர் நோட்டில் எழுதினார்:
இரண்டாயிரத்து நானூறு.
சரியா இருக்கு என்று கையெழுத்தும் போட்டார்.
அந்தப் பையன் அதில் இல்லை,
அன்றைக்கு நான் இல்லாத மாதிரி.

புளிசாதம் காலையிலிருந்து பிரிக்காமலே கிடந்தது.
மெஜஸ்டிக் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே தின்றேன்.
நாற்பத்திரண்டு இருக்கை,
எண்பது பேராவது இருப்போம்.
யாரும் எண்ணவில்லை.